பழைய பாக்கி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு மாடி வீட்டுக்கு உடனே வரச்சொல்லி போன் வந்தது. போய்ப் பார்த்தால் நான்கு பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மூவருக்கு முன்மண்டை நன்றாக ஏறியிருந்தது. நான்காவது ஆளுக்கு மீசை இப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கீபோர்டு, இரண்டு கிட்டார், ஒரு லேப்டாப், பில்டர் காபி டம்ளர்கள்.

"நோட்டீஸ் எழுதணும்டா. நீதானே பத்திரிகைக்காரன்" என்றார்கள்.

கொஞ்சம் முன்கதை வேண்டும் உங்களுக்கு. நான் திருச்சியில் பி.காம். படித்த நாட்களில் எங்கள் செட்டில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், பஞ்சாயத்தே அந்தப் பெயரில்தான். பாட ஒருவர், கீபோர்டு ஒருவர், லீட் கிட்டார், பேஸ் கிட்டார், தபேலா. ஐந்து பேர். உறையூர், தில்லைநகர், திருவெறும்பூர், லால்குடி என்று கல்யாண ரிசப்ஷனிலும் கோயில் திருவிழாவிலும் இளையராஜாவை வைத்துப் பிழைத்தார்கள். எனக்குச் சாரீரமும் கிடையாது, தாளமும் நிற்காது. ஆனால் 'காமர்ஸ் படிக்கிறவன்' என்ற ஒரே தகுதியில் கணக்குப் புத்தகத்தை என் தலையில் கட்டினார்கள். கூடவே கச்சேரி முடிந்ததும் ஒயர் சுற்றும் வேலை. 2003 வாக்கில் வேலை, கல்யாணம், துபாய் என்று ஆளுக்கொரு திசையாகப் போக, குழு தானாகப் படுத்துவிட்டது.

இப்போது எழுப்புகிறார்கள்.

கீபோர்டு வாசித்தவர் இல்லை. 2021-ல் கொரோனா இரண்டாவது அலை கொண்டுபோய்விட்டது. அந்த மீசைக்காரப் பையன் அவர் மகன். தபேலாக்காரரும் இல்லை. இருக்கிறார், திருவானைக்காவலில்தான் இருக்கிறார். ஆனால் கூப்பிடவில்லை. 2001-ல் ஒரு சண்டை. தாளத்துக்கு லேப்டாப் போதும் என்று முடிவாகிவிட்டது.

நோட்டீஸில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். பாடகர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அதே குழு. அதே இசை. உங்கள் திருச்சியில் மீண்டும்!"

'அதே' என்ற சொல்லில் என் பேனா நின்றுவிட்டது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

*

உங்கள் வீட்டில் பாட்டி காலத்து அரிவாள்மணை இருக்கும். பலகை இரண்டு தடவை மாற்றியாயிற்று, இரும்பை மூன்று தடவை மாற்றியாயிற்று. இருந்தும் அது பாட்டியின் அரிவாள்மணைதான், யாரும் சந்தேகப்படுவதில்லை. கிரேக்கர்கள் இதையே ஒரு கப்பலை வைத்துக் கேட்டார்கள். தீசியஸ் என்ற வீரனின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புதிதாகப் போட்டு வந்தார்கள். கடைசிப் பழைய பலகையும் போன பிறகு, அது அதே கப்பலா? தத்துவப் பேராசிரியர்களுக்கு இரண்டாயிரம் வருடமாக இது சோறு போடுகிறது.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. கப்பலுக்கும் அரிவாள்மணைக்கும் வாய் கிடையாது. கழற்றிப் போட்ட பலகை 'என்னை ஏன் கழற்றினாய்?' என்று கேட்பதில்லை. ஒரு பாட்டுக் குழுவில் கழற்றிப் போட்ட பலகை திருவானைக்காவலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறது.

லீட் கிட்டார் நண்பர் என் தயக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரே போடாகப் போட்டார். "சக்தி குரூப் பண்ணலையா? அவங்க பண்ணினா கிராமி, நாம பண்ணினா தப்பா?"

இந்த நண்பர் கல்லூரி நாளிலேயே கொஞ்சம் மேல்தட்டு. சிங்கப்பூரிலிருந்து வந்த யாரோ கொடுத்த கேசட்டை டிடிகே தொண்ணூறில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, கச்சேரிக்குப் போகிற வேனில் எங்களைக் கொடுமைப்படுத்துவார். எனக்கு அப்போது அது ஒரு வேகமான சண்டை மாதிரி கேட்டது. பிறகுதான் கேட்கப் பழகினேன்.

தெரியாதவர்களுக்காக: ஜான் மெக்லாக்லின் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த கிட்டார்காரர். மைல்ஸ் டேவிஸ் ஜாஸுக்கு மின்சாரம் பாய்ச்சிய நாட்களில் கூட வாசித்தவர். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்று காது கிழியும் ஜாஸ் ராக் குழு நடத்திக்கொண்டிருந்தவர், அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் எஸ். ராமநாதனிடம் வீணை கற்கப் போனார். அதன் விளைவு சக்தி. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயகராம் கடம், ஆரம்பத்தில் ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம். கிட்டார் கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிக்கொண்டார் மெக்லாக்லின். வீணையில் தந்தியை அழுத்தி இழுத்தால் கமகம் வருகிறதல்லவா, அது கிட்டாரிலும் வரவேண்டும் என்று. 1975 ஜூலையில் நியூயார்க் அருகே ஒரு கல்லூரியில் வாசித்த கச்சேரிதான் முதல் இசைத்தட்டு. மூன்று தட்டுகள். 70-கள் முடிவதற்குள் குழு கலைந்துவிட்டது.

சுமார் 20 வருடம் கழித்து, 1997-ல், மறுபடி சேர்ந்தார்கள். எல். சங்கர் இல்லை. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் வந்தது. அடுத்து மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்தார். விக்குவின் இடத்துக்கு மகன் செல்வகணேஷ் வந்தார், அதுவும் அப்பாவின் கடத்தோடு அல்ல, பெரும்பாலும் கஞ்சிராவோடு. (கஞ்சிராவைக் கச்சேரி மேடை ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை என்பார்கள். இங்கிருந்து ஒன்றரை மணி நேர பஸ். நம் பக்கத்து ஊர்ப் பெருமையை நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.) பிறகு பாடுவதற்குச் சங்கர் மகாதேவன்.

கவனிக்க வேண்டிய சமாசாரம் பெயர். 1997-ல் அவர்கள் 'சக்தி' என்று போட்டுக்கொள்ளவில்லை. 'ரிமெம்பர் சக்தி' என்று வைத்தார்கள். சக்தியை நினைவிருக்கிறதா என்பது மாதிரி. நாங்கள் அதுவல்ல, அதை நினைத்துக்கொள்பவர்கள் என்று ஒரு கூச்சம் அந்தப் பெயரில் இருந்தது. 2023-ல், ஐம்பதாம் ஆண்டுக் கொண்டாட்டம் என்று புது ஆல்பம் வந்தபோது அந்த முன்சொல் போய்விட்டது. வெறும் சக்தி. 2024 பிப்ரவரியில் அதற்குத்தான் கிராமி. பழைய ஆட்களில் அப்போது மீதி இருந்தது மெக்லாக்லினும் ஜாகிரும் மட்டும். அந்த டிசம்பரில் ஜாகிரும் போனார்.

இங்கிலாந்திலும் இதே கூச்சக் கதை ஒன்று உண்டு. கான்டர்பரி என்று ஒரு ஊர். பெரிய தேவாலயம், நூற்றாண்டுகளாக யாத்ரீகர்கள் நடந்து வரும் வீதிகள். அவர்கள் ஊர் ஸ்ரீரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-களில் அந்த ஊர்ப் பையன்கள் சிலர் ஜாஸையும் ராக்கையும் கலந்து ஒரு தினுசாக வாசிக்க ஆரம்பித்தார்கள். அதில் முளைத்த சாஃப்ட் மெஷின் என்ற குழு 1966-ல் நான்கு பேரோடு தொடங்கியது. ஆட்கள் மாறி மாறி, கலைந்து, 2004-ல் பழையவர்கள் சிலர் 'சாஃப்ட் மெஷின் லெகசி' என்று கூடினார்கள். வாரிசு என்று ஒரு பின்சொல். 2015-ல் அந்தப் பின்சொல்லையும் கழற்றிவிட்டு, சாஃப்ட் மெஷின் ஆனார்கள். தொடங்கிய நால்வரில் ஒருவர்கூட அதில் இல்லை. 70-களில் நடுவே வந்து சேர்ந்தவர்களும் ஒரு புதியவரும்தான். பெயர் அதே.

கோபம் வருகிறதா? எனக்கு முதலில் வந்தது. அப்புறம் யோசித்தேன். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து என்று ஸ்ரீரங்கத்தில் அரையர் சேவை நடக்கிறது. உயரக் குல்லாய் வைத்துக்கொண்டு, தாளம் தட்டிப் பாசுரம் பாடி அபிநயம் பிடிக்கிறார்கள். நாதமுனிகள் காலத்திலிருந்து என்பது மரபு. ஆயிரம் வருடத்தில் எத்தனை அப்பா, எத்தனை பிள்ளை! 'ஒரிஜினல் மெம்பர் யாராவது இருக்கிறாரா?' என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

ஆக, ஆள் மாறுவது குற்றமில்லை. பின்னே எது உறுத்துகிறது?

*

இதே ஊரில் ஏற்கெனவே ஒருமுறை இந்தக் கேள்வி வந்திருக்கிறது. பாட்டுக் குழுவுக்கு இல்லை, பெருமாளுக்கே.

1323-ல் டில்லி சுல்தானின் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது, உற்சவ மூர்த்தியைத் தூக்கிக்கொண்டு பிள்ளை லோகாசாரியரும் அடியார்களும் வெளியேறினார்கள். லோகாசாரியர் வழியிலேயே, மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் பரமபதித்தார். பெருமாள் பயணம் நிற்கவில்லை. கேரளம், மேல்கோட்டை, திருமலை. 1371-ல் விஜயநகரத்துக் கோபண்ணர் முன்னின்று திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். 48 வருடம்.

இந்த இடைவெளியில் கோயில் என்ன செய்யும்? வேறு ஒரு உற்சவரை எழுந்தருளப் பண்ணி வழிபாடு நடந்துகொண்டிருந்தது. இப்போது ஒருவர் திரும்பி வந்து நிற்கிறார். கூட்டிப்போனவர்கள் இல்லை. பார்த்தவர்கள் செத்துப்போனார்கள். புகைப்படம் கிடையாது, ஆதார் கிடையாது. இவர்தான் அவர் என்று யார் சொல்வது?

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் திண்ணையில் சொல்லும் கதை, கோயில் வரலாறுகளிலும் உண்டு. பண்டிதர்கள் முழித்தார்களாம். கடைசியில், பெருமாள் வஸ்திரங்களைத் துவைத்துக்கொண்டிருந்த மிக வயதான சலவைத் தொழிலாளி ஒருவர், ஈரங்கொல்லி என்பார்கள், அவரைத் தேடிப் பிடித்தார்கள். கண் பார்வை இல்லை. முகம் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, நனைந்த துணியின் தண்ணீரைக் கொடுக்கச் சொன்னார். அதில் இருந்த வாசனையைக் கொண்டு, திரும்பி வந்தவரைக் காட்டி, இவரே நம்பெருமாள் என்றார். அதுவரை அழகிய மணவாளன் என்று பெயர். அன்றிலிருந்து அந்தச் சலவைத் தொழிலாளி வாயில் வந்த பெயர்தான். நீங்கள் இன்றைக்குப் போய்ச் சேவித்தாலும் அவர் வைத்த பெயரைத்தான் சொல்கிறீர்கள்.

இந்தக் கதையை நம்ம ஊரில் எல்லோரும் இந்த இடத்தில் நிறுத்தி, கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்தது. 48 வருடம் அந்த இடத்தில் நின்று ஊரின் கண்ணீரையெல்லாம் கேட்ட அந்த இன்னொரு மூர்த்தி? 'டூப்ளிகேட்' என்று தூக்கிப் போடவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவரும் கோயிலில் இருக்கிறார். யாகசாலைக்கு எழுந்தருளும் மரியாதையோடு. ஒருவர் உண்மையானவர் என்று தீர்ப்பானதால் இன்னொருவர் செய்த வேலை பொய்யாகிவிடவில்லை. அந்த 48 வருடக் கணக்கைக் கோயில் தள்ளுபடி செய்யவில்லை.

கணக்கு என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது, நம்ம சப்ஜெக்ட்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கூட்டாளி சேர்ப்பு, கூட்டாளி விலகல், கூட்டாளி இறப்பு என்று வரிசையாகப் பாடங்கள். ஒவ்வொன்றிலும் 'நற்பெயர்' என்று ஒரு தலைவலி. குட்வில்தான், புத்தகத்தில் தமிழில் அப்படிப் போட்டிருப்பார்கள். கடையின் பெயருக்கென்று ஒரு விலை. சராசரி லாபத்தை இத்தனை வருடம் என்று பெருக்கிக் கண்டுபிடிப்போம். கூட்டாளி செத்துப்போனால் அவர் வாரிசுக்கு, விலகினால் அவருக்கே, அந்த நற்பெயரில் பங்கு உண்டு. ஏனென்றால் பெயரை எல்லோரும் சேர்ந்து சம்பாதித்தார்கள். 1932-ம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் ஒரு கூட்டாளி இறந்தாலே நிறுவனம் கலைந்தது என்கிறது. ஆனால் கலைந்ததோடு கடன்காரன் கலைந்துபோவதில்லை. பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பங்கு போட வேண்டும்.

பரீட்சைக்கு உருப்போட்டபோது இது எனக்குத் தத்துவமாகத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்துத் தெரிகிறது. ஒரு குழு அதே குழுவா என்று பார்க்க ஆள் எண்ண வேண்டியதில்லை. பழைய பெயரைச் சொத்தாக எடுத்துக்கொள்கிறவர்கள், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் பழைய கடனையும் தங்கள் பக்கம் எழுதிக்கொள்கிறார்களா என்று பார்த்தால் போதும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 2014-ல், 45 வயதில் போய்விட்டார். 2023-ல் வந்த அந்தச் சக்தி ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு என்ன பெயர் தெரியுமா? ஸ்ரீநியின் கனவு. கிராமி மேடையில் நிற்பவர்கள் பட்டியலில் அவர் இல்லை. ஆனால் பாக்கி எழுதப்பட்டிருக்கிறது. எல். சங்கர் கணக்கு என்ன, யாருக்கு யார் பாக்கி என்பது அவர்கள் வீட்டு விஷயம். எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான்.

*

அந்த லெட்ஜர் இன்னும் என்னிடம் இருக்கிறது. டிரங்குப் பெட்டியில், என் மார்க் ஷீட்டுக்கு அடியில்.

2001-ல் லால்குடிப் பக்கம் ஒரு ரிசப்ஷன். பேசிய தொகையில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதி அப்புறம் என்றார்கள். தபேலா அண்ணனுக்கு அன்றைக்கே பணம் வேண்டியிருந்தது. அவர் எங்களைவிடப் பத்து வயது பெரியவர். குழந்தை குட்டி உண்டு, எங்களுக்கு அப்பா சோறு போட்டுக்கொண்டிருந்தார். கேட்டார், குரல் உயர்ந்தது, யாரோ 'தபேலா இல்லாட்டி ரிதம் பாக்ஸ்' என்றார்கள். அவர் தபேலாவைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு நடந்தார். ஒரு மாதம் கழித்து மீதிப் பணம் வந்தது. நால்வரும் எடுத்துக்கொண்டார்கள். அவர் பங்கு, 'பாக்கி ரூ. 850' என்று என் கையெழுத்தில் நிற்கிறது. வருடம் மாறியபோது அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோனேன். அதற்கடுத்த வருடமும் கொண்டுபோனேன். அவ்வளவுதான் செய்தேன்.

நோட்டீஸை எழுதாமலே போன வாரம் திருவானைக்காவல் போனேன். ஒரு கவரில் பணம். ஐநூறு ரூபாய் நோட்டுகள் பன்னிரண்டு. வட்டி எப்படிப் போட்டேன் என்று கேட்காதீர்கள், கூட்டு வட்டியும் இல்லாமல் தனி வட்டியும் இல்லாமல், வெட்க வட்டி.

அண்ணன் திண்ணையில்தான் இருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஒயர்க்காரத் தம்பிதானே?" என்றார். காபி வந்தது. ரிகர்சலில் எடுத்த பதிவைப் போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஈரங்கொல்லி நினைவுக்கு வந்துவிட்டார் எனக்கு. இவர் இப்போது 'இதுதான் நம்ம குழு' என்று சொல்லப்போகிறார், கட்டுரைக்கு நல்ல முடிவு கிடைத்தது என்று மனசுக்குள் ஒரு அற்பச் சந்தோஷம்.

அவர் கண்ணைத் திறந்து, "லேப்டாப்பா?" என்றார்.

"ஆமாண்ணே."

"சரணத்துல ஓடுது பாரு. நிறுத்திப் பிடிக்க ஆளில்ல." கொஞ்சம் இருந்து, "கீபோர்டு அவன் பையனா?" என்றார். ஆமாம் என்றேன். "அவனும் இப்படித்தான், இடது கை பிந்தும். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியை எடுத்தார்.

கச்சேரிக்கு வருவீர்களா என்று கேட்டேன். "முழங்கால் மடக்க முடியலப்பா. பார்க்கலாம்." வாசிக்கக் கூப்பிடுகிறேனா, கேட்கக் கூப்பிடுகிறேனா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கவரை நீட்டி, லால்குடிக் கணக்கு, 850 ரூபாய், இவ்வளவு வருடம் கழித்து என்று ஏதோ உளறினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மறுப்பார், நான் வற்புறுத்துவேன் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் வீண்.

"எண்ணூத்தம்பது இல்லியே தம்பி" என்றார். "ஆயிரத்து இருநூறுல்ல."

இல்லையண்ணே, லெட்ஜரில் இருக்கிறது, நானே எழுதினேன் என்றேன். அவர் வாதாடவில்லை. "சரி, உனக்குத்தான கணக்கு தெரியும்" என்று சிரித்தார்.

ராத்திரி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். லால்குடிப் பக்கத்தை எடுத்து, வரவிலிருந்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தேன். அண்ணன் பங்கு ஆயிரத்து இருநூறுதான். அதில் 'வேன், டிபன்' என்று 350 ரூபாய் பிடித்தம். அன்றைக்கு அவர் எங்கள் வேனில் திரும்பி வரவில்லை. டிபனும் சாப்பிடவில்லை. மற்ற நான்கு பேர் பங்கில் அப்படி எந்தப் பிடித்தமும் இல்லை.

யாரும் சொல்லி எழுதியதாக ஞாபகம் இல்லை. கையெழுத்து என்னுடையது.